உளுந்துக்குப் பொட்டு வைத்த கதை

"இதுக்கு எதுக்குடா பொட்டு? மூக்கும் முழியுமா நல்லாத்தானே இருக்கு!"

அத்தை இதைச் சொன்னது பெண் பார்க்கப் போன இடத்தில் இல்லை. டேப்லெட் திரையில் கோலிக்குண்டு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்த ஒற்றை உளுந்தைப் பார்த்துத்தான். கறுப்புத் தோல், விளிம்பில் வெள்ளைக் கீற்றாக அதன் கண். அந்த வெள்ளையை வண்டு முட்டை என்று நினைத்து நான் மஞ்சள் பொட்டு வைத்திருந்தேன். அத்தை அதை அழித்தார். நான் கவனிக்காமல் விட்டிருந்த பக்கத்து உளுந்தில் ஒரு பொட்டு வைத்தார். பெரிதாக்கிப் பார்த்தால், அதில்தான் ஊசி முனை அளவுக்கு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதுவரை வைத்திருந்த பொட்டுகளை எல்லாம் அன்று ராத்திரியே மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தவனுக்கே பாடம் சரியாகத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். பெரியப்பாவுக்கு ரங்கூனில் பருப்பு வியாபாரம், பாயின்னாங் மொத்தச் சந்தையில். 1989இல் ஊர்ப் பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். எடையும் அப்படியே, இன்னும் வீசைக் கணக்குதான். பர்மியர்கள் அதைப் பெய்த்தா என்பார்கள். வெள்ளைக்காரன் நம் வீசையைத்தான் விஸ் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தான். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ.

உளுந்துக்கு இங்கே மட்பெ என்று பெயர். நெல் அறுத்த வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தை வைத்தே ஐராவதிப் படுகையிலும் பெகு பக்கமும் விளைந்துவிடும். மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வந்து இறங்கும். வேடிக்கை என்னவென்றால், விளைகிற ஊரில் அதைச் சாப்பிட ஆள் குறைவு. இட்லியும் வடையும் சுடுகிற எங்களைப் போன்ற வீடுகளை விட்டால், பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் கப்பலேறுகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி வரம்பு போட்டபோது, கிட்டங்கியில் அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே பெரியப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2021இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. ஐந்து வருஷத்துக்கு, வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று. அதற்கப்புறம் எவ்வளவு வாங்குவார்கள் என்ற கவலை குறைந்தது. எந்தத் தரம் என்ற சண்டை கூடிவிட்டது.

தரம் இரண்டு: சராசரித் தரமான எஃப்.ஏ.க்யூ., சிறப்புத் தரமான எஸ்.க்யூ. இரண்டாவதற்கு விலை கூட. பெரியப்பா மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுப்பார். உள்ளங்கையில் விழுந்ததைக் கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தக் கையையே படம் எடுத்து வைபரில் அனுப்புவார். அக்கரையில் இருப்பவர் கப்பல் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒரு கையில் அள்ளிப் படம் எடுத்து, "அண்ணே, கல்லு ஜாஸ்தி" என்பார். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் வங்காள விரிகுடா. யார் சொல்வது சரி என்று எப்படித் தீர்ப்பது?

எனக்குத் தொழில் கம்ப்யூட்டர். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதிக் கொடுப்பவன். "25 கிராம் உளுந்தை ஒரு தட்டில் பரப்பிப் படம் எடுங்க பெரியப்பா, எத்தனை கல், எத்தனை வண்டரிச்சது, எத்தனை சுருங்கல்னு மெஷினே எண்ணிச் சொல்லும்" என்று வாய் விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றும் சொன்னதாக அத்தை சாதிக்கிறார். எனக்கு ஞாபகமில்லை.

படத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க, அந்தப் பொருளைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு அரசியலில் ஒருவரைக் கட்டம் கட்டிவிட்டார்கள் என்றால் அவர் கட்சியை விட்டுக் கழன்றார் என்று பொருள், இங்கே நிஜக் கட்டம். இப்படி ஆயிரக்கணக்கான படங்களில் போட்டுக் காட்டினால், பார்க்காத படத்திலும் அதுவே போட ஆரம்பிக்கும். முறை எளிதுதான், கூலிதான் கட்டுபடியாகாது. 2014இல் வந்த கோகோ என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பைத் தயாரிக்க 70,000 மணி நேரத்துக்கு மேல் மனித உழைப்பு போயிருக்கிறது. ஒரு ஆள் தினம் 8 மணி நேரம், ஒரு நாள்கூட லீவு போடாமல் உட்கார்ந்தால் 24 வருஷம். இமேஜ்நெட் என்ற இன்னொரு படத்தொகுப்புக்குக் கட்டம் போடும் வேலையை 2012இல் அளந்து பார்த்தவர்கள், ஒரு கட்டம் வரைய நடுத்தரமாக 25.5 நொடி ஆகிறது என்றார்கள்.

25 கிராம் உளுந்தில் 500லிருந்து 600 மணி வரை இருக்கும். 550 என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். எங்கள் பேட்டையில் கரண்ட் ஒரு தடவை வந்தால் நிற்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஒரு கரண்டுக்கு ஒரு தட்டு. நூறு தட்டுக்கு எப்போது முடிப்பது!

முழுக் கட்டங்கள் இல்லாமலே ஒப்பேற்ற வழி உண்டா என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான். வழி உண்டு. பத்துப் பதினைந்து வருஷமாக ஆராய்ச்சிக்காரர்கள் இதற்காகவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கோகோவில் ஏற்கெனவே பயின்ற ஒரு நிரலை இறக்கி, உளுந்துத் தட்டைக் காட்டினேன். அதற்குத் தெரிந்தது 80 வகைப் பொருள். ஆரஞ்சு தெரியும், டோனட் தெரியும், யானை தெரியும். உளுந்து தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மொத்தத் தட்டையும் பீட்சா என்றது. சிரித்தாலும், அப்படிப்பட்ட நிரலைத் தூக்கிப்போட மாட்டார்கள். விளிம்பு, வளைவு, நிழல், சொரசொரப்பு என்று பார்வைக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் அதனிடம் இருக்கிறது. அடி அடுக்குகளை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, 'இது என்ன' என்று முடிவெடுக்கும் மேல் அடுக்குகளை மட்டும் நம் பொருளுக்குத் திருப்பிப் பழக்கினால் போதும். மற்ற ஊரில் வேலை பழகிய கொத்தனாரைக் கூட்டிவந்து நம் ஊர்ச் செங்கல் அளவை மட்டும் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

மூன்று தட்டுக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டம் போட்டேன். பழக்கினேன். பெரியப்பா முன்னால் ஓட்டிக் காட்டினேன். 100 உளுந்து என்றது. தட்டை மாற்றினேன், 100. கால்வாசியைக் கொட்டிவிட்டு வைத்தேன், அப்போதும் 100. "மொய் எழுதுற மாதிரி எல்லாத்துக்கும் நூறா எழுதுதே தம்பி" என்றார் பெரியப்பா. இரண்டு நாள் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கோகோ படங்களை வைத்து நிரல்களுக்கு வைக்கும் தேர்வில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 100 கட்டங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதையே பார்த்து நிறைய நிரல்களில் உச்சவரம்பை 100 என்று வைத்துவிட்டிருக்கிறார்கள். தெருவையும் சமையலறையையும் படம் எடுப்பவனுக்கு நூறு பொருள் தாராளம், தட்டில் உளுந்தைப் பரப்புகிறவனுக்கு எப்படிப் போதும்? ஒரே எண்ணை மாற்றியதும் சரியாகிவிட்டது. இரண்டு நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அடுத்த யோசனை எனக்கே பெருமையாக இருந்தது. பெரியப்பாவின் வைபரில் பல வருஷத்துப் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் கைப்பட, "சுத்தம்", "கல்லு இருக்கு", "வண்டு" என்று ஒரு வார்த்தை. கல் எங்கே என்று சொல்லவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இந்த ஒற்றை வார்த்தையை வைத்தே, எங்கே என்பதையும் கண்டுபிடிக்க வைக்கும் முறை இருக்கிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிலென், வெடால்டி என்ற இருவர் வெளியிட்டது இதில் பேர் பெற்றது. படத்தை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மதிப்பெண். இந்தத் துண்டு கல் மாதிரி இருக்கிறதா என்பது ஒன்று. மற்ற துண்டுகளோடு ஒப்பிட்டால் இதுதான் தூக்கலாக நிற்கிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கி, எல்லாத் துண்டுகளையும் கூட்டினால், 'கல் இருக்கு' என்ற அந்த ஒற்றை வார்த்தையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகும்வரை பழக்கினால், கல் இருக்கும் துண்டு தானாக மேலே வரும்.

மேலே வந்தது. பெரியப்பாவின் மோதிரம்.

படத்துக்குப் படம், விரலில் இருந்த மோகோக் மாணிக்க மோதிரத்தைச் சுற்றி அழகாகக் கட்டம் போட்டிருந்தது. கல்லைத் தேடச் சொன்னேன், கல்லைத்தான் காட்டியிருக்கிறது, எப்படிக் குறை சொல்வது? காரணம் யோசித்தால் சப்பென்று இருந்தது. சரக்கு சுத்தமாக இருந்தால் பெரியப்பா எவர்சில்வர் தட்டில் பரப்பிப் படம் எடுப்பார். கல் இருந்தால் வாங்குகிறவருக்கு நெருக்கமாகக் காட்ட உள்ளங்கையில் வைத்து எடுப்பார். ஆகவே கை தெரிந்தால் கல், தட்டு தெரிந்தால் சுத்தம் என்று அது எளிதான வழியைப் பிடித்துக்கொண்டது. எங்கே என்று நாம் சொல்லாதபோது, எதைப் பார்த்தும் அது பாஸ் ஆகலாம்.

கைப் படங்களைக் கழித்துவிட்டு மறுபடி பழக்கினேன். இப்போது வேறு குறை. 'உளுந்து' என்று கட்டம் போடச் சொன்னால் முழு மணிக்குப் போடாமல் அதன் வெள்ளைக் கண்ணுக்கு மட்டும் போட்டது. கண் அடிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்த மணியை உளுந்தாகவே மதிக்கவில்லை. இந்த முறைக்கே உள்ள வியாதி இது. பூனையைக் காட்டினால் முகத்துக்கு மட்டும் கட்டம் போட்டு உடம்பை விட்டுவிடும் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே புலம்பியிருக்கிறார்கள். எதை வைத்து மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிறதோ, அதற்கு மேல் பார்க்க அதற்கு அவசியமில்லை.

சரி, கட்டமும் வேண்டாம், வெறும் வார்த்தையும் போதாது. நடுவில் ஒன்று இருக்கிறது, புள்ளி. பொருளின் மேல் ஒரு தொடு தொட்டால் போதும். ஒரு நொடி, இரண்டு நொடி வேலை. எடின்பரோவில் வேலை செய்த ஒரு குழு 2017இல், கட்டத்தை இழுத்து வரைவதற்குப் பதிலாகப் பொருளின் மேல், கீழ், இடது, வலது ஓரங்களைத் தொட்டாலே 7 நொடியில் ஒரு கட்டம் கிடைக்கும் என்று காட்டியது. அதே ஆட்கள் ஒற்றைத் தொடலையும் முயன்று பார்த்தார்கள். நான் அத்தையிடம் டேப்லெட்டைக் கொடுத்து, "நல்ல உளுந்தை விட்டுடுங்க. கல்லுக்குச் சிவப்பு, வண்டுக்கு மஞ்சள், சுருங்கலுக்கு நீலம், அவ்வளவுதான்" என்றேன்.

"பொட்டு வைக்கணும், அவ்வளவுதானே" என்றார் அத்தை. அன்றிலிருந்து வீட்டில் அந்த வேலைக்கு அதுதான் பெயர். முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைத்து முடித்தபின் மதியம் ஒரு மணி நேரம், ராத்திரி சீரியலுக்கு முன்னால் அரை மணி நேரம். சுளகில் அரிசி பொறுக்குகிற அதே வேகம். கண் தட்டின் இடது ஓரத்தில் ஆரம்பித்து உழவு மாடு மாதிரி வரிசை வரிசையாகப் போய்த் திரும்பும். நான் பார்த்தால் கண் அலைபாயும், அவருக்கு அப்படி இல்லை. நான் ஒரு தட்டு முடிப்பதற்குள் மூன்று முடித்துவிடுவார்.

புள்ளியிலிருந்து உருவத்துக்குப் போக, 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட சாம் என்ற நிரல் கைகொடுத்தது. ஒரு புள்ளியைக் காட்டினால் அந்த இடத்தில் இருக்கும் பொருளின் உருவத்தை ஓரம் பிசகாமல் வெட்டிக் கொடுக்கும். 1.1 கோடிப் படங்களிலும் 110 கோடிக்கு மேற்பட்ட உருவங்களிலும் பயின்றது. அந்த 110 கோடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அதுவே வெட்டித் தனக்குத்தானே பாடம் தயாரித்துக்கொண்டது. என் பழைய லேப்டாப்பில், படத்தை முதலில் மென்று விழுங்கத்தான் அதற்கு நேரம் பிடிக்கும். விழுங்கியபின் ஒவ்வொரு பொட்டுக்கும் விடை கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல். சாமுக்கு ஒரு புள்ளி என்பது இரட்டுற மொழிதல். உளுந்தின் கண் மேல் தொட்டால் கேட்பது கண்ணா, முழு உளுந்தா, ஒட்டிக்கிடக்கும் உளுந்துக் கூட்டமா? அதற்குத் தெரியாது, ஆகவே மூன்று விடை தரும். எதை எடுப்பது என்று நாம் சொல்ல வேண்டும். இங்கேதான் எங்களுக்கு யோகம். உளுந்துக்கு அளவு உண்டு. ஒரு தட்டில் உள்ள மணிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே பருமன். மூன்றில் அந்தப் பருமனுக்கு நெருங்கி வருவதை எடு என்று ஒரு வரி எழுதினேன், வேலை முடிந்தது. அடையாளம் குறைவாக இருக்கும்போது, பொருளைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்தது எல்லாமே காசு. அப்புறம் முழுத் தட்டையும் ஒரே படமாகக் கொடுத்தால் உள்ளே சுருக்கிவிடுகிறது, உளுந்து கடுகாகிவிடுகிறது. பன்னிரண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

கல்லுக்கு இன்னொரு பிரச்சினை: அது அரிது. 550 மணியில் இரண்டோ மூன்றோ. மெஷின் கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் உளுந்து என்று சொன்னாலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மார்க் வாங்கிவிடும். கற்களைத் தனியாகப் பொறுக்கி வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்தேன். உருவத்தை வெட்டி, சுத்தமான உளுந்துப் படங்களில் அங்கங்கே ஒட்டினேன். பள்ளியில் படம் வெட்டி ஒட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியது நான்தான் என்பதால் எங்கே ஒட்டினேன் என்று எனக்குத் தெரியும், அடையாளம் தானாகக் கிடைத்துவிட்டது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் 2017இல் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் எச்சரித்த இடத்திலேயே நானும் போய் விழுந்தேன். மெஷின் கல்லைக் கற்கவில்லை, கத்தரி ஓரத்தைக் கற்றது. ஒட்டியது எது என்று மட்டும் துல்லியமாகச் சொன்னது. மருந்தையும் அவர்களே சொல்லியிருந்தார்கள். ஒரே படத்தை ஓரம் மழுப்பி ஒன்று, மழுப்பாமல் ஒன்று, வேறு விதமாகக் கலந்து ஒன்று என்று பல பிரதிகள் கொடுக்க வேண்டும். கல் மாறாமல் ஓரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், ஓரத்தைப் பார்த்துப் பயனில்லை என்று அது விட்டுவிடும். விட்டது. ஆனால் நான் ஒட்டிய கல்லின் நிழல் சில நேரம் ஜன்னல் பக்கமாகவே விழுந்திருக்கும், மெஷின் அதை மன்னித்தாலும் எனக்கு உறுத்தும்.

பொட்டு வைத்த படங்கள் மொத்தம் நாற்பது. பொட்டு வைக்காத படங்கள் நூற்றுக்கணக்கில் சும்மா கிடந்தன. அவற்றையும் பயன்படுத்த ஆசான்–மாணவன் முறை என்று ஒன்று. நாற்பதில் பயின்ற மெஷினை ஆசானாக வைப்பார்கள். பொட்டில்லாத படத்தைத் தெளிவாக ஆசானுக்குக் காட்டுவார்கள். அதே படத்தை நிறம் மாற்றி, மங்கலாக்கி, ஒரு மூலையை மறைத்து மாணவனுக்குக் காட்டுவார்கள். ஆசான் உறுதியாகச் சொன்னதை மட்டும் சரியான விடை என்று வைத்துக்கொண்டு, மங்கல் படத்திலும் மாணவன் அதையே சொல்லப் பழக வேண்டும். மாணவன் தேறத் தேற, அவன் கற்றதில் ஒரு சொட்டு ஆசானுக்குள் போகும். அவரும் மெதுவாகத் தேறுவார். 2017இல் படங்களை வகைபிரிக்க வந்த யோசனை, 2020, 2021 வாக்கில் பொருள் கண்டறியவும் வந்துவிட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆசான் தப்பை உறுதியாகச் சொல்லும்போதுதான் கூத்து. எங்கள் ஆசானுக்குக் கண் தெரியும் நல்ல உளுந்து எல்லாம் வண்டு முட்டை என்று ஒரு பிரமை. மாணவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து ஆசானுக்குத் திரும்ப ஏறியது. ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால், தட்டில் பாதிக்கு மேல் மஞ்சள். அந்த நாற்பதில் எந்தப் படத்திலிருந்து இந்தப் பிரமை வந்தது என்று தேடப் போனபோதுதான், முதலில் சொன்ன அந்த 'மூக்கும் முழியும்' சம்பவம். அத்தைக்கு முன்னால் முதல் சில தட்டுகளுக்குப் பொட்டு வைத்தவன் நான். தப்பு நான் வைத்ததில் இருந்தது. பத்தாயிரம் படம் வைத்திருப்பவனுக்கு நாலு தட்டுத் தப்பு கடலில் கரைத்த பெருங்காயம். நாற்பது படக்காரனுக்கு அதுவே சாம்பாருக்கு விழுந்த உப்பு மூட்டை.

சரி, என் தப்பைத் திருத்தினோம். அத்தை வைத்தது சரிதானா? இதை அத்தையிடம் கேட்கும் தைரியம் வர ஒரு வாரம் ஆயிற்று.

அறுபது மணிகளைப் பொறுக்கினேன். கல், வண்டு, சுருங்கல், நல்லது எல்லாம் கலந்து, ஒவ்வொன்றையும் எண் போட்ட அட்டையில் ஒட்டினேன். பெரியப்பா, அத்தை, கிட்டங்கியில் முப்பது வருஷமாக இருக்கும் பர்மிய மேஸ்திரி, மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கொடுத்தேன். மேஸ்திரியைச் சின்ன வயசிலிருந்தே 'ஊலே' என்றுதான் கூப்பிடுவேன், பர்மியத்தில் மாமா என்பது போல. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, அட்டையை வெயிலுக்குத் தூக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுருக்கம் நேராகப் பார்த்தால் தெரிவதில்லை, சாய்வெளிச்சத்தில்தான் தெரியும். நான் எடுத்த படமெல்லாம் மேலிருந்து நேராக, ட்யூப்லைட் அடியில் எடுத்தவை.

முடிவைச் சொல்கிறேன். கல்லில் மூவருக்கும் ஒரே கருத்து. வண்டில் ஒன்றிரண்டு தவிர ஒத்துப்போனார்கள். சுருங்கலில் ஆளுக்கொரு திசை. ஊலே சுருங்கல் என்றதில் பாதியைப் பெரியப்பா நல்லது என்றார். அத்தை இன்னும் கண்டிப்பு, வீட்டுக்கு வாங்குகிற கண். இரண்டு வாரம் கழித்து அதே அட்டையைப் பெரியப்பாவிடம் வரிசை மாற்றிக் கொடுத்தேன். தான் முன்பு தள்ளியதில் பலவற்றை இப்போது சேர்த்துக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டார்.

"இந்த வாரம் விலை ஏறுது தம்பி. விலை ஏறுறப்ப சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது."

இதை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. ஆசான், மாணவன், வெட்டி ஒட்டல் என்று எட்டு மாதம் நான் வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சுருங்கலில் தடுமாறுகிறது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் சுருங்கல் என்றால் என்ன என்று எங்கள் வீட்டிலேயே முடிவாகவில்லை. ஒரே ஆளுக்குள்ளேயே முடிவாகவில்லை. லட்சம் அடையாளம் இருக்கிற இடத்தில் இந்தச் சண்டை சராசரியில் மூழ்கி வெளியே தெரியாது. எங்களுக்கு மூழ்க இடமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்ட கையோடு மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். தமிழும் பர்மியமும் கலந்த பஞ்சாயத்து. மத்தியானம் வரை நடந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: தோல் மடிந்திருப்பது மட்டும் போதாது. கண் உள்வாங்கி, மணி தட்டையாகி இருந்தால்தான் சுருங்கல். சந்தேகம் வந்தால் பொட்டு வைக்காதே, தனியாகச் சாம்பல் நிறம் வை. மெஷின் சாம்பலைப் படிக்கக் கூடாது, தப்பு என்றும் கணக்கெடுக்கக் கூடாது, கண்டுகொள்ளாமல் தாண்டிவிட வேண்டும். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் புதிதாகப் படம் எடுத்தோம். அத்தை நாற்பது தட்டுக்கும் மறுபடி பொட்டு வைத்தார், கூலியாக ஒரு புது லுங்கி வாங்கிக்கொண்டார். அந்த நாற்பதில் பழக்கியபோது வந்த முன்னேற்றம், அதுவரை நான் காட்டிய எந்த வித்தையிலும் வந்ததில்லை.

மார்க் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெட்கக்கேடுதான். ஆரம்பத்தில் மெஷின் பிரமாதமாக மார்க் வாங்கியது. ஒரே மூட்டையில் எடுத்த படங்களைக் கலைத்துப்போட்டு, பாதியில் பழக்கி, மீதியில் தேர்வு வைத்திருக்கிறேன். கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியான பரீட்சை. மூட்டைவாரியாகப் பிரித்து, அது கண்ணாலேயே பார்க்காத மூட்டையில் தேர்வு வைத்ததும் மார்க் சரிந்தது. அடையாளம் குறைவாக இருக்கும்போது அதில் ஒரு பங்கைத் தேர்வுக்கென்று பூட்டிவைக்க மனசு வராது. பத்து தட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். அத்தைக்கும் சாவி இல்லை.

இப்போது நிலவரம் இது. கல்லை மெஷின் என்னைவிட நன்றாகப் பார்க்கிறது. வண்டை அத்தை அளவுக்கு இல்லை, பெரியப்பா அளவுக்கு உண்டு. சுருங்கலில் தயங்குகிறது. தயங்கும் படங்களை மட்டும் தனியாக எடுத்து வரிசைப்படுத்தி, தினம் பத்து என்று அத்தைக்கு அனுப்புகிறது. தெரிந்ததையே திரும்பத் திரும்பக் காட்டுவதைவிட, அது முழிக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தால் அதிக லாபம். பெரியப்பா இப்போது உள்ளங்கைப் படத்தோடு, வட்டம் போட்ட தட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்புகிறார். அக்கரைக்காரர் முதல் தடவை, "அண்ணே, சரக்கு நீங்க சொன்னதைவிடச் சுத்தமா இருக்கே, மெஷின் ரொம்பக் கறாரா?" என்று கேட்டாராம். பெரியப்பா கடுப்பாகிவிட்டார். சுத்தம் என்று தெரிந்திருந்தால் விலையைக் கூட்டிச் சொல்லியிருப்பாராம்.

போன வாரம் பெகுவிலிருந்து ஒரு லோடு வந்தது. அன்றைய பத்து படங்களில் ஒன்றைப் பார்த்து அத்தை கூப்பிட்டார். திரையில், கறுப்பு மணிகளுக்கு நடுவே ஒன்று மங்கலாக, பச்சையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல். மெஷின் அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் பாதி உறுதியோடு 'கல்' என்று எழுதியிருந்தது.

"கல்லாவது மண்ணாவது. பாசிப்பயறுடா இது. வயல்ல கலந்து வந்திருக்கு" என்றார் அத்தை. "இதுக்கு என்ன கலரு?"

எங்களிடம் சிவப்பு, மஞ்சள், நீலம், சாம்பல் மட்டும்தான் இருந்தன. புது வகை சேர்ப்பது என்றால் நிரலில் எங்கெங்கே கை வைக்க வேண்டும், அந்த நாற்பதில் முன்பே கண்ணில் படாமல் எத்தனை பயறு கிடக்கிறதோ என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை காத்திருக்கவில்லை. பேனாப் பெட்டியைத் திறந்து, திரைக்குப் பக்கத்தில் இருந்த சிட்டையில் பச்சை மையால் ஒரு பொட்டு வைத்து, "பயறு, 1" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.